பரத்தையிற் பிரிவும் நம் தமிழ் வகுப்பும்

(இளம் அறிவியல் இரண்டாம் ஆண்டு, விலங்கியல்)

இலக்கியம் வாழ்க்கையின் கண்ணாடி என்று மேடைதோறும் சொல்லி மகிழ்கிறோம். ஆனால் அந்தக் கண்ணாடியில் நமக்குப் பிடிக்காத உருவம் ஒன்று தெரிந்தால் என்ன செய்கிறோம்? ஒன்று, சிரிக்கிறோம், அல்லது பக்கத்தைப் புரட்டிவிடுகிறோம். அந்தச் சிரிப்பையும் புரட்டலையும் பற்றியதே இக்கட்டுரை.

முதலாம் ஆண்டில் நடந்ததைச் சொல்கிறேன். பகுதி ஒன்று தமிழ்ப் பாடத்தில் மருதத்திணைப் பாடல்கள் சில வந்தன. ‘பரத்தை’ என்ற சொல்லை ஆசிரியர் உச்சரித்த மாத்திரத்தில் கடைசி வரிசையில் ஒரு சிரிப்பு எழுந்தது. அது முன்வரிசை வரை பரவியது. மாணவியராகிய நாங்கள் தலையைக் குனிந்துகொண்டு, புத்தகத்தில் எதையோ தேடுவதுபோலப் பாவனை செய்தோம். ஆசிரியர், “இதற்கு உரை இருக்கிறது, வீட்டில் பார்த்துக்கொள்ளுங்கள்” என்று கூறி அடுத்த பாடலுக்குப் போய்விட்டார். அவரைக் குறை கூறுவது என் நோக்கமன்று. அறுபது பேர் சிரிக்கும்போது ஒருவர் என்னதான் செய்ய முடியும்?

எனக்கு வியப்பாக இருந்தது வேறொன்று. அன்று காலையில்தான் விலங்கியல் ஆய்வுக்கூடத்தில் கரப்பான்பூச்சியின் ஆண், பெண் இனப்பெருக்க மண்டலங்களைப் பதிவேட்டில் வரைந்து, பாகங்களைக் குறித்து, கையொப்பம் வாங்கியிருந்தோம். ஒருவரும் சிரிக்கவில்லை. காலையில் சிரிக்காத அதே வாய்கள் பிற்பகலில் ஏன் சிரித்தன? இந்தக் கேள்வி ஓராண்டாக என்னை விடவில்லை.

அறிவியல் நிற்கும் இடம்

விலங்கியல் படிக்கும் எனக்கு முதலில் தோன்றிய விடை இதுதான். அறிவியல் பேசுவது உடலைப் பற்றி. இலக்கியம் பேசுவது மனத்தைப் பற்றி. உடலைப் படமாக வரைந்துவிடலாம். மனம் அப்படியன்று, அதில் நம் வீடும் தெரிந்துவிடுகிறது.

பறவைகளை எடுத்துக்கொள்வோம். ஆணும் பெண்ணுமாகச் சேர்ந்து கூடு கட்டி, சேர்ந்தே குஞ்சு வளர்க்கும் பறவைகளை ஒருதுணை வாழ்க்கைக்கு எடுத்துக்காட்டாகச் சொல்லி வந்தார்கள். மரபணுச் சோதனை வந்த பிறகு, அப்படிப்பட்ட இனங்கள் பலவற்றிலும் ஒரே கூட்டில் இருக்கும் குஞ்சுகளில் சிலவற்றுக்குத் தந்தை வேறு பறவை என்பது தெரிந்தது. அதற்காக அந்தப் பறவையை நாம் துரோகி என்று சொல்வதில்லை. ஏன்? அது யாருக்கும் வாக்குக் கொடுக்கவில்லை. வாக்குக் கொடுத்தவரே வாக்குத் தவற முடியும்.

தொல்காப்பியர் கற்பியலில் ஒரு செய்தி சொல்கிறார். காதலித்தவன் பொய் சொல்வதும், தவறி நடப்பதும் தோன்றிய பின்னரே பெரியோர் திருமணச் சடங்கை வகுத்தனர் என்பது அது. அஃதாவது, வாக்குத் தவறும் மனிதரைப் பார்த்த பிறகுதான் ஊரறியக் கொடுக்கும் வாக்கு ஏற்பட்டது என்கிறார். ஆகவே காமம் உயிரியலுக்கு உரியது. பிறழ்ச்சி வாக்குக்கு உரியது. உயிரியல் வகுப்பு முதலாவதைச் சொல்லித் தரும். இரண்டாவதைச் சொல்லித் தர வாரத்தில் சில மணி நேரம் வரும் தமிழ் வகுப்பை விட்டால் எங்களுக்கு வேறு இடம் இல்லை. அந்த மணி நேரத்தையும் சிரித்துக் கழித்தால் இழப்பு யாருக்கு?

மருதம் சொல்வது என்ன?

மருதம் என்பது வயலும் வயல் சார்ந்த இடமும். அதன் உரிப்பொருள் ஊடல். தலைவன் பரத்தையை நாடிச் செல்கிறான், திரும்பி வருகிறான், தலைவி கதவைத் திறக்க மறுக்கிறாள். ஐங்குறுநூற்றின் முதல் நூறு பாடல்களும் மருதமே. ஓரம்போகியார் பாடிய அந்த நூற்றில் நண்டுக்குப் பத்து, எருமைக்குப் பத்து என்று எங்கள் வயற்காட்டு உயிர்களுக்கெல்லாம் இடம் இருக்கிறது.

நான் காவிரிக் கரையில் ஒரு சிற்றூரில் பிறந்தவள். நடவு நாளில் வரப்பு நண்டு பயிரின் அடியை அறுத்துப் போட்டுவிடும். என் தாய் திட்டிக்கொண்டே அந்த இடத்தில் மறுநாற்று ஊன்றுவாள். ஆகவே உள்ளுறை உவமம் எனக்கு எளிதாகப் புரிந்தது. நண்டு பயிரை அறுக்கிறது என்று புலவர் பாடினால் அது நண்டைப் பற்றியதன்று; பிறர் வாழ்வை அறுத்துவிட்டுத் தன் வளைக்குள் சுகமாகப் போய் இருப்பவனைப் பற்றியது. வெளிப்படையாகச் சொல்ல நாக் கூசுவதை நண்டின்மேலும் மீனின்மேலும் ஏற்றிச் சொல்லிவிடுவார்கள். இதில் ஆபாசத்துக்கு இடமே இல்லை. சிரிப்பவர் சிரிப்பது பாட்டைப் பார்த்து அன்று. அந்த ஒரு சொல்லைப் பார்த்து மட்டுமே.

குறுந்தொகையின் 8ஆம் பாடலைப் பாருங்கள். ஆலங்குடி வங்கனார் பாடியது. பேசுபவள் தலைவி அல்லள், பரத்தை. தலைவி தன்னைப் பழித்தாள் என்று கேள்விப்பட்டு, தலைவியைச் சேர்ந்தவர் காதில் விழும்படி அவள் விடை சொல்கிறாள். வயலோரத்து மாமரத்திலிருந்து தானாக விழும் பழத்தைக் குளத்து வாளைமீன் கவ்விக்கொள்கிறதாம். மீன் மரம் ஏறிப் பறிக்கவில்லை. பழம் தானாக விழுந்தது. ‘நானா அவனை இழுத்தேன்? அவன்தானே வந்தான்!’ என்பது உட்பொருள். அடுத்து, அந்தத் தலைவன் எங்கள் வீட்டில் இருக்கும்போது பெரிய பேச்செல்லாம் பேசினான்; தன் வீட்டிலோ, நாம் கையைத் தூக்கினால் தானும் தூக்கும் கண்ணாடி உருவத்தைப் போல, தன் மகனைப் பெற்றவள் ஆட்டியபடி ஆடுகிறான் என்று ஏளனம் செய்கிறாள்.

நண்பர்களே, எண்ணிப் பாருங்கள். குற்றம் சாட்டப்பட்ட பெண்ணுக்கு வாய் திறந்து பேச ஒரு பாட்டு முழுவதும் கொடுத்திருக்கிறார்கள். நம் தெருவில் இப்படி ஒன்று நடந்தால் அந்தப் பெண்ணின் பக்கத்தை யார் கேட்கிறோம்?

பெயர் சொல்லாமை என்னும் நெறி

இரண்டாம் ஆண்டில் எங்களுக்கு வேறோர் ஆசிரியர் வந்தார். பாடத்தைத் தொடங்குமுன் கரும்பலகையில் ஒரே கேள்வியை எழுதினார்: ‘பேசுபவர் யார்?’ தலைவியா, தோழியா, பரத்தையா, பாணனா என்று அறியாமல் பொருள் சொல்லக்கூடாது என்றார். பிறகு ஒரு வேலை செய்தார். தலைவி வாயில் மறுக்கும் பாடலை மாணவன் ஒருவனிடம் கொடுத்து உரக்கப் படிக்கச் சொன்னார். தலைவனுக்காகப் பரிந்து வரும் பாணனின் வாதத்தை ஒரு மாணவியிடம் கொடுத்தார். கடைசி வரிசை நண்பர் ஒருவர் பாதி படித்துவிட்டு நிறுத்தினார். ‘என்ன?’ என்றார் ஆசிரியர். ‘ஒன்றுமில்லை’ என்று சொல்லி, முதலிலிருந்து திருத்தமாகப் படித்தார். அன்று யாரும் சிரிக்கவில்லை.

அன்று ஆசிரியர் விளக்கிய ஒரு செய்தியை நான் மறக்க முடியாது. அகப்பாடலில் தலைமக்களின் பெயரைச் சுட்டக்கூடாது என்பது தொல்காப்பிய நெறி. தலைவன், தலைவி என்றுதான் வரும். ஊரன் என்றால் மருதநிலத்தான் என்று பொருள். இன்னார் மகன் இன்னான் என்று வராது. அதுவரை இதை நான் இலக்கண விதியாக மட்டுமே மனப்பாடம் செய்திருந்தேன். அதன் பயன் அன்றுதான் புரிந்தது.

பெயர் இருந்தால் அது வம்பு. பெயரை எடுத்துவிட்டால் அது எல்லாருடைய துயரம். டீக்கடையிலும் குழாயடியிலும் நாம் இதே பொருளைப் பேசுகிறோம். ஆனால் பெயரை வைத்துக்கொண்டு மற்ற அனைத்தையும் விட்டுவிடுகிறோம். சங்கப் புலவர்கள் பெயரை மட்டும் விட்டுவிட்டு மற்ற அனைத்தையும் வைத்துக்கொண்டார்கள். அவள் எப்படி விழித்திருந்தாள், வந்தவனிடம் என்ன சொன்னாள், குழந்தை எங்கே இருந்தது, வீட்டுக்கு வந்த விருந்தினர் முன் எப்படிக் கோபத்தை மறைத்தாள் என எல்லாம் இருக்கிறது. வகுப்பில் இதைப் பேசலாமா என்று கேட்பவர்களுக்கு என் பணிவான விடை இதுவே: பெயர் சொல்லாமல் பேசக் கற்றுக்கொள்ளும் இடம் வகுப்பறை ஒன்றே.

கண்ணகி சொன்ன ஒரு வாக்கியம்

அடுத்துச் சிலப்பதிகாரம். ‘கண்ணகி ஏன் பொறுத்தாள்?’ என்று எங்கள் வகுப்பில் ஒரு சொற்போர் நடந்தது. அது கற்பின் பெருமை என்றார் ஒரு நண்பர். அது அடிமைத்தனம் என்றாள் என் தோழி. இருவரும் நூலைப் படிக்காமல் குறிப்பேட்டைப் படித்தவர்கள் என்பது பிறகு தெரிந்தது. நானும் அப்படித்தான் இருந்தேன்.

நூலைப் பிரித்தால் கண்ணகி வெறுமனே பொறுத்தவளாகத் தெரியவில்லை. பிரிந்த கணவனை அடைய இரண்டு பொய்கைகளில் நீராடிக் காமவேள் கோயிலை வழிபடலாம் என்று தேவந்தி வழி சொல்கிறாள். அது நமக்குப் பெருமை ஆகாது என்று கண்ணகி மறுத்துவிடுகிறாள். பிறகு மதுரையில், ஆயர் சேரியில் தன் கையால் சமைத்துக் கணவனுக்கு உணவு படைத்த அந்தப் பகலில், கோவலன் தன் பிழைகளை எண்ணி வருந்தும்போது அவள் விடை சொல்கிறாள். நீங்கள் இல்லாததால் விருந்தினரை எதிர்கொள்ளும் கடமையை இழந்தேன். உங்கள் பெற்றோர் வந்தபோது என் துயரை மறைக்க நான் சிரித்த பொய்ச் சிரிப்பு அவர்கள் உள்ளத்தை வருத்தியது. நீங்கள் செய்தது மதிக்கத்தகாத ஒழுக்கம். உங்கள் சொல்லைச் சிறிதும் மாற்றாத உள்ளம் உடையவள் நான், ஆதலால் உடன் எழுந்து வந்தேன் என்பது அதன் கருத்து. காப்பியம் முழுவதும் கணவனை நோக்கி அவள் சொல்லும் கண்டனம் அந்த ஒரு வாக்கியமே. அதைக் கேட்ட சிறிது நேரத்தில் அவன் சிலம்பு விற்கப் புறப்பட்டுவிடுகிறான், திரும்பி வரவில்லை.

மாதவியையும் இளங்கோவடிகள் கைவிடவில்லை. மனைவியை விட்டு வந்தவன், மாதவி கானல்வரியில் பாடிய ஒரு பாட்டைக் கேட்டு அவள் வேறொருவனை நினைக்கிறாள் என்று ஐயுற்றுப் பிரிகிறான். தனக்கு ஒரு நீதி, அவளுக்கு ஒரு நீதி! ஆனால் வழியில் அவளுடைய மடல் கிடைத்ததும், அவள்மேல் பிழையில்லை, பிழை என்னுடையதே என்று அவனே ஒப்புக்கொள்கிறான். மணம் நடந்தபோது கண்ணகிக்கு வயது 12, கோவலனுக்கு 16 என்று நூல் சொல்கிறது. இதையும் சேர்த்து எண்ணும்போது மூவர்மேலும் நமக்கு இரக்கம் வருகிறது. குற்றத்தை மறைக்காமல் இரக்கத்தையும் விடாமல் பேச முடியும் என்பதற்கு இதைவிடச் சான்று வேண்டுமோ?

மூன்று வேறு செய்திகள்

இன்னொரு குழப்பத்தையும் சொல்ல வேண்டும். நம் வீடுகளில் ‘தப்பு’ என்று ஒரே ஒரு சொல்தான் இருக்கிறது. காதலித்தாலும் தப்பு, மணந்தவரை ஏமாற்றினாலும் தப்பு, ஒரு பெண் பிறரால் ஏமாற்றப்பட்டாலும் அவள்மேல் தப்பு. மூன்றும் ஒன்றல்ல. முதலாவது காமம். இரண்டாவது வாக்குத் தவறுதல். மூன்றாவது வஞ்சனை. இவற்றைப் பிரித்துக் காட்டிய கதைகள் தமிழில் இருக்கின்றன.

புதுமைப்பித்தன் 1943இல் எழுதிய ‘சாபவிமோசன’த்தில், இந்திரனின் வஞ்சனைக்கு ஆளாகிக் கல்லான அகலிகை, இராமனால் உயிர் பெறுகிறாள். பின்னாளில் சீதை வந்து, தன்னைத் தீக்குளிக்கச் சொன்ன செய்தியைக் கூறுகிறாள். கேட்டது இராமன்தான் என்று அறிந்ததும் அகலிகை மீண்டும் கல்லாகிவிடுகிறாள். மன்னித்தவனே இன்னொருத்தியை ஐயுற்றால் அந்த மன்னிப்புக்கு என்ன மதிப்பு? 1966இல் வெளிவந்த ஜெயகாந்தனின் ‘அக்கினிப் பிரவேச’த்தில், மழையில் நின்ற கல்லூரி மாணவி ஒருத்தி அறிமுகமில்லாதவன் காரில் ஏறுகிறாள். நடந்ததை அறிந்த தாய் அவள் தலையில் தண்ணீரை ஊற்றி, இத்தோடு நீ தூய்மையாகிவிட்டாய் என்கிறாள். அந்த முடிவைப் பலர் ஏற்கவில்லை. அதே தாய் ஊரைக் கூட்டியிருந்தால் என்ன ஆகியிருக்கும் என்பதையே ஆசிரியர் ‘சில நேரங்களில் சில மனிதர்கள்’ என்ற நாவலாக எழுதினார். அதற்கு 1972இல் சாகித்திய அகாதெமி விருது கிடைத்தது. இரண்டு முடிவுகளையும் அடுத்தடுத்துப் படித்த அன்று, ஒரு பெண்ணின் வாழ்வு ஒரு குடம் தண்ணீருக்கும் ஒரு கூச்சலுக்கும் நடுவில் நிற்கிறது என்று உணர்ந்தேன்.

சட்டம் யாரைக் கேட்டது?

இலக்கியம் பெண்ணைப் பேச வைத்தது. சட்டம் என்ன செய்தது? 1860ஆம் ஆண்டின் இந்திய தண்டனைச் சட்டம் 497ஆம் பிரிவு, பிறன் மனைவியோடு அவள் கணவனின் இசைவின்றிக் கூடிய ஆணுக்கு ஐந்தாண்டு வரை சிறை விதித்தது. வழக்குத் தொடுக்கும் உரிமை அந்தக் கணவனுக்கு இருந்தது. தவறு செய்தவனின் மனைவிக்கு அந்த உரிமை இல்லை. கணவன் இசைந்தால் குற்றமே இல்லை! அஃதாவது, பெண்ணைக் கணவனின் உடைமையாகக் கருதிய சட்டம் அது. உச்ச நீதிமன்றத்தின் ஐந்து நீதிபதிகள் கொண்ட அமர்வு 2018ஆம் ஆண்டு செப்டம்பர் 27 அன்று அதை நீக்கியது. பிறழ்ச்சி இன்று சிறைக்குரிய குற்றமன்று. மணவிலக்குக் கேட்கக் காரணமாக மட்டும் இருக்கிறது. அந்தப் பழைய சட்டம் கணவனின் இசைவைக் கேட்டது. மருதப் பாடல் மனைவியின் சொல்லைக் கேட்டது. இரண்டாயிரம் ஆண்டுக்கு முந்தைய பாட்டு, 2018 வரை இருந்த சட்டத்தைவிட முன்னே நிற்கிறது.

ஆனால் அந்தப் பாட்டிலும் எனக்கு ஒரு மனத்தாங்கல் உண்டு. அடிமைகளும் கூலி வேலை செய்பவர்களும் அன்பின் ஐந்திணைக்குத் தலைமக்கள் ஆகமாட்டார்கள். கைக்கிளையும் பெருந்திணையுமே அவர்களுக்கு உரியவை என்று தொல்காப்பியத்துக்கு உரையாசிரியர்கள் பொருள் சொல்கிறார்கள். மருதத்தின் தலைவன் வயலுக்குச் சொந்தக்காரன். நாற்று நடுபவள் அவன் நிலத்தின் அழகுக்காக வருகிறாள். என் தாயும் அத்தையும் நடவு நடுபவர்கள். இலக்கணப்படி அவர்கள் தலைவியர் அல்லர்.

அத்தை கேட்ட பாட்டு

இனி இக்கட்டுரை எழுதக் காரணமான செய்தியைச் சொல்கிறேன். எங்கள் குடும்பத்தில் கல்லூரி வாசலை மிதித்த முதல் ஆள் நான். நான் ஐந்தாம் வகுப்புப் படிக்கும்போது என் அத்தை ஒரு பையோடு எங்கள் வீட்டுக்கு வந்தார். மாமாவுக்கு வேறொரு குடும்பம் இருப்பது பிறகு மெல்லத் தெரிந்தது. ஊர்ப் பெரியவர்கள் இருமுறை கூடிப் பேசினார்கள். ‘ஆம்பளை அப்படி இப்படித்தான் இருப்பான், நீதான் அனுசரிச்சுப் போகணும்’ என்றார்கள். அத்தை ஒன்றும் சொல்லவில்லை, போகவும் இல்லை. அன்று முதல் அந்தப் பேச்சு எங்கள் வீட்டில் எழுந்ததில்லை. வகுப்பில் சிரிப்பு எழுந்தபோது நான் தலை குனிந்தது நாணத்தால் மட்டும் அன்று என்பதை வாசகர்கள் இப்போது உணர்வார்கள்.

சென்ற பருவத் தேர்வுக்கு முதல் நாள் இரவு குறுந்தொகையை வாய்விட்டுப் படித்துக்கொண்டிருந்தேன். அத்தை அரிசியில் கல் பொறுக்கிக்கொண்டிருந்தார்.

“என்ன பாப்பா, பாட்டா? பொருளச் சொல்லேன், கேப்போம்” என்றார்.

தயங்கினேன். பிறகு மாம்பழத்தையும் வாளைமீனையும் கண்ணாடி உருவத்தையும் சொன்னேன். உள்ளேயிருந்து அம்மா, “இதெல்லாமா காலேஜுல சொல்லிக் குடுக்குறாங்க?” என்று கேட்டாள். அத்தை கல் பொறுக்குவதை நிறுத்தவில்லை.

“இருக்கட்டும் அண்ணி, புள்ள படிக்கட்டும்” என்றவர், சற்றுப் பொறுத்து, “அந்தப் பொம்பள சொல்றதும் நெசந்தான் பாப்பா. ரெண்டு வாசல்லயும் நல்லவனா நிக்கிறவன் எந்த வாசலுக்கு நல்லவன்? ஒங்க மாமா அங்கயும் இப்படித்தான் ஆடியிருப்பாரு” என்றார்.

ஒன்பது ஆண்டுகளில் அத்தை மாமாவைப் பற்றிப் பேசியது அதுவே முதல் முறை. அன்று நெடுநேரம் பேசினார். அவர் பேசியதை நான் இங்கு எழுதப் போவதில்லை. அந்த இன்னொரு பெண்ணைப் பற்றி ஒரு கடுஞ்சொல்லும் சொல்லவில்லை என்பதை மட்டும் எழுதுகிறேன். நான் கதவடைத்த தலைவியின் பாடலையும் படித்துக் காட்டினேன். “ராசா வூட்டுப் பொண்ணா இவ?” என்று கேட்டார். “யார் என்று பெயர் இல்லை அத்தை” என்றேன். “அப்ப யாரா இருந்தா என்ன” என்றார். இலக்கணம் தர மறுத்த இடத்தை அத்தை தாமே எடுத்துக்கொண்டார்.

மறுவாரம் கல்லூரி நூலகத்தில் சட்ட நூல்களைப் புரட்டினேன். கைவிடப்பட்ட மனைவி கணவனிடம் வாழ்க்கைச் செலவு கேட்கக் குற்றவியல் நடைமுறைச் சட்டம் 125ஆம் பிரிவு வழி செய்திருந்தது. 2024ஆம் ஆண்டு ஜூலை 1 முதல் நடப்பில் உள்ள பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதாவில் அது 144ஆம் பிரிவு. கணவன் வேறொருத்தியை மணந்தாலோ, வேறொருத்தியோடு குடும்பம் நடத்தினாலோ, அவனோடு வாழ மறுக்க மனைவிக்கு அதுவே தக்க காரணம் என்று அப்பிரிவின் விளக்கம் சொல்கிறது. வாயில் மறுத்தலைச் சட்டமும் ஒப்புக்கொள்கிறது! வழக்கு நடத்தப் பணம் இல்லையே என்று அஞ்சவும் வேண்டியதில்லை. பெண்களுக்கு வருமானம் பாராமல் இலவச சட்ட உதவி செய்ய மாவட்டந்தோறும் சட்டப்பணிகள் ஆணைக்குழு இருக்கிறது. ‘அனுசரிச்சுப் போ’ என்று சொன்ன பெரியவர்களுக்கும் இது தெரியாது. படித்தவள் என்று பெயர் வாங்கிய எனக்கும் தெரியாமலே இருந்தது. அத்தையிடம் சொன்னேன். ‘யோசிக்கிறேன்’ என்றிருக்கிறார்.

முடிவுரை

வகுப்பில் இத்தகைய பாடங்களை எப்படிப் பேசலாம் என்பதற்கு நான் கற்றுக்கொண்ட நான்கு நெறிகளைச் சொல்லி முடிக்கிறேன்.

1. பேசுபவர் யார் என்று முதலில் கேட்க வேண்டும்.

2. காமம், வாக்குத் தவறுதல், வஞ்சனை ஆகிய மூன்றையும் ஒன்றாகக் குழப்பக்கூடாது.

3. உண்மை மனிதர் பெயர் வரக்கூடாது. நம்மிடையே அமர்ந்திருக்கும் ஒருவர் வீட்டில் இது நடந்திருக்கலாம் என்ற நினைவு எப்போதும் இருக்க வேண்டும்.

4. குற்றத்தை ஒருத்தி தலையில் மட்டும் கட்டக்கூடாது. வள்ளுவர் ‘பிறனில் விழையாமை’ என்னும் 15ஆம் அதிகாரத்தை ஆணை நோக்கியே பாடினார் என்பதை மறக்கலாகாது.

ஆசிரியப் பெருமக்களுக்கு ஒரு விண்ணப்பம். மருதப் பாடல் வரும்போது பக்கத்தைப் புரட்டிவிடாதீர்கள். நாங்கள் முதலில் சிரிப்போம். வெட்கத்தை மறைக்க எங்களுக்கு அப்போது வேறு வழி தெரிவதில்லை. கண்ணகிக்கும் ஒரு காலத்தில் பொய்ச் சிரிப்பே துணையாக இருந்தது. சற்றுப் பொறுத்து, யாராவது ஒருவரிடம் பாட்டைக் கொடுத்து உரக்கப் படிக்கச் சொல்லுங்கள்.

அத்தையின் கதையை அவரிடம் கேட்டுக்கொண்டே எழுதினேன். “எழுதிக்க பாப்பா. பேரு மட்டும் போடாத” என்றார். எழுத்தறியாத என் அத்தைக்கு அகத்திணை நெறி தெரிந்திருக்கிறது.